ஒட்டும் முன் உரிக்கும் நாளை யோசியுங்கள்

கேள்வி: கணவரின் வேலைக்காக வெளிநாட்டுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. வாடகை அபார்ட்மெண்ட், இன்னும் இரண்டு வருடமாவது இங்கேதான். எல்லாச் சுவரும் வெள்ளை. காலையில் கண் விழித்தால் ஏதோ ஓட்டல் அறையில் படுத்திருப்பது போலவே இருக்கிறது. பெட்ரூமிலும் ஹாலிலும் வால்பேப்பர் ஒட்டலாம் என்று ஆசை. கரும்பச்சையில் பெரிய பெரிய இலை போட்ட ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். பெட்ரூமில் பீரோவுக்குப் பின்னால் சுவர் கொஞ்சம் கறுத்திருக்கிறது, அதையும் மறைத்த மாதிரி ஆகும். 'போகும்போது பழையபடி இருந்தால் சரி' என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். ஆள் வைத்து ஒட்டக் கட்டுப்படியாகாது. நாங்களே ஒட்ட முடியுமா? ஸ்டிக்கர் மாதிரி ஒட்டி எடுப்பது நல்லதா, பசை போடுவதா? எத்தனை ரோல் வாங்க வேண்டும்? கட்டில் தலைமாட்டுச் சுவர் 4 மீட்டர் அகலம், 2.40 மீட்டர் உயரம். டெபாசிட் போய்விடுமோ என்று பயமாகவும் இருக்கிறது. மூன்று வயதுப் பையன் வேறு இருக்கிறான்.

பதில்: 'வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்' என்று படித்ததும், உங்கள் கணவர் ஏன் இவ்வளவு கறாராகப் பேசுகிறார் என்று ஒரு நிமிடம் குழம்பிப் போனேன். ஓனர் என்று அப்புறம்தான் உறைத்தது. அவர் சொன்ன அந்த ஒரு வரிதான் உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி. இரண்டு வருடம் கழித்து, சாமானெல்லாம் பெட்டியில் போன பிறகு, விமானத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது, அந்தக் கரும்பச்சை இலைகளை உரித்துக்கொண்டு நிற்கப் போவது நீங்களும் உங்கள் கணவரும்தான். அன்றைக்கு அது அரைமணி நேர வேலையா, மூன்று நாள் வேலையா என்பது இப்போது கடையில் நீங்கள் எதை எடுக்கிறீர்கள், எந்தச் சுவரில் ஒட்டுகிறீர்கள் என்பதில்தான் இருக்கிறது. என்னிடம் வருகிறவர்கள் எல்லாம் டிசைனைத்தான் முதலில் காட்டுகிறார்கள். நான் சுவரைக் காட்டுங்கள் என்பேன்.

அதனால் அந்தக் கறுப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அதை நீங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள். பீரோவுக்குப் பின்னால், அதுவும் வெளிப்பக்கச் சுவரில் என்றால், அது தொண்ணூறு சதவீதம் அழுக்கு இல்லை, பூஞ்சை. குளிர் நாட்டில் வெளிச்சுவர் உள்பக்கமும் ஜில்லென்று இருக்கும். நாம் விடும் மூச்சு, சமையல் ஆவி, அறைக்குள்ளேயே உலர்த்தும் துணி எல்லாம் சேர்ந்த ஈரக்காற்று அந்தச் சுவரில் பட்டதும், ஐஸ் தண்ணீர் டம்ளர் வேர்ப்பது போல வேர்த்துவிடும். பீரோவை ஒட்டிப் போட்டிருப்பதால் அங்கே காற்றும் போகாது, சூடும் போகாது. நீங்கள் இருப்பது குளிர் நாடா, வெயில் நாடா என்று எழுதவில்லை. புழுக்கமான ஊரில் ராத்திரி பகலாக ஏசி ஓடும் வீடாக இருந்தால் கதை தலைகீழ்: வெளியே இருக்கும் ஈரக்காற்று சுவருக்குள் ஊடுருவி வந்து, குளிர்ந்திருக்கும் உள்பக்கத்தில் தண்ணீராகிவிடும். இரண்டிலும் முடிவு ஒன்றுதான். அதன் மேல் வினைல் பேப்பரை ஒட்டினால் அது பிளாஸ்டிக் உறை போட்டு மூடியதற்குச் சமம். பசையும் காகிதமும் பூஞ்சைக்குச் சாப்பாடு. வெளியே இலை பச்சையாகவே இருக்கும், பின்னால் கறுப்பு மூன்று மடங்காகியிருக்கும், பையன் அதே அறையில்தான் தூங்குவான்.

பச்சை என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. ஷீலே என்ற வேதியியலாளர் 1775இல் ஒரு பச்சை நிறமியைக் கண்டுபிடித்தார், அதில் ஆர்சனிக் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் அந்த வகைப் பச்சை போட்ட வால்பேப்பர்கள் ஐரோப்பிய வீடுகளில் பிரமாதமாக ஓடின. ஈரச் சுவரில் ஒட்டியவர்கள் வீட்டில் ஒரு மாதிரி நெடியும் நோயும் வர, 1890களில் கோசியோ என்ற இத்தாலிய மருத்துவர், பூஞ்சை அந்த நிறமியில் வளரும்போது ஆர்சனிக் கலந்த நச்சு வாயுவை வெளியே விடுகிறது என்று காட்டினார். இன்றைய பச்சையில் ஆர்சனிக் கிடையாது, பயப்பட வேண்டாம். ஆனால் ஈரச் சுவரை அழகான பேப்பரால் மூடுவது என்ற தவறு மட்டும் அன்றிலிருந்து இன்றுவரை மாறவே இல்லை.

நீங்கள் செய்ய வேண்டியது: பீரோவை நகர்த்தி அந்த இடத்தைத் தேதியோடு படம் எடுத்து ஓனருக்கு எழுத்தில் அனுப்புங்கள். போன் பேச்சு போதாது. இதை மறைத்து வைத்துவிட்டு, காலி செய்யும்போது அது வெளியே வந்தால், பூஞ்சை வந்ததே வால்பேப்பரால்தான் என்று உங்கள் தலையில் கட்டிவிட முடியும். சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. சுவரை நன்றாகத் துடைத்து உலர விட்டு, ஒரு அடிக்கு ஒரு அடி பிளாஸ்டிக் தாளை வைத்து நான்கு ஓரமும் டேப் போட்டு அடைத்து, இரண்டு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம் ஈரம் என்றால் சுவரிலிருந்து வருகிறது, அது கசிவோ குழாயோ, ஓனர் சரிசெய்ய வேண்டிய வேலை. வெளிப்பக்கம் ஈரம் என்றால் அறைக் காற்றின் ஈரம். அதற்கு மருந்து நம் கையில்: பீரோவைச் சுவரிலிருந்து ஐந்து முதல் பத்து செ.மீ. தள்ளிப் போடுவது, குளிர் காலத்திலும் தினம் இரண்டு முறை எதிரெதிர் ஜன்னல்களை ஐந்து பத்து நிமிடம் விரியத் திறப்பது, ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று வாங்கி 60 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது. (புழுக்க ஊர் என்றால் ஜன்னலைத் திறப்பது வேலைக்கு ஆகாது, ஈரம் உறிஞ்சும் மெஷின்தான்.) எது எப்படியானாலும் அந்தச் சுவரில் வால்பேப்பர் வேண்டாம். அது வெள்ளையாகவே இருக்கட்டும், அப்போதுதான் கறுப்பு திரும்பி வந்தால் கண்ணில் படும்.

ஹாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். இரண்டு வருடத்துக்கு, நீங்களே ஒட்டப் போகிறீர்கள், முதல் தடவை, கையில் மூன்று வயதுப் பையன். ஹாலில் மூன்று கதவு, இரண்டு ஜன்னல், ரேடியேட்டரோ ஏசியோ, பத்து ஸ்விட்ச். ஒவ்வொன்றையும் சுற்றி வெட்டும்போது தெரியும், ஏன் தொழில்காரன் காசு கேட்கிறான் என்று. கட்டில் தலைமாட்டுச் சுவர் அப்படியில்லை. அது உள்சுவர் என்று வைத்துக்கொள்கிறேன், ஜன்னல் இல்லை, கதவு இல்லை, அதிகம் போனால் இரண்டு பிளக் பாயிண்ட். கீழ்ப்பாதியைக் கட்டில் மறைத்துக்கொள்ளும், பையன் கையும் எட்டாது. பிள்ளைகளுக்கு இணைப்பு ஓரத்தில் நகம் நுழைகிற அளவு ஒரு பிசிறு கிடைத்தால் போதும், ஒரு மத்தியானத்தில் சுவரில் ஒரு நாட்டின் வரைபடமே வந்துவிடும். ஓட்டல் போல இருக்கிறது என்ற உங்கள் குறைக்கும் இந்த ஒரு சுவர் போதும், கண் விழித்ததும் அதுதானே அறையின் நிறம்.

இனி ஸ்டிக்கரா, பசையா. ஸ்டிக்கர் வகையை எல்லோரும் வாடகை வீட்டுக்கென்றே பிறந்தது போலப் பேசுகிறார்கள். 'எளிதில் உரியும்' என்று அட்டையில் போட்டிருப்பது பேப்பரைப் பற்றிய வாக்குறுதி, உங்கள் சுவரின் பெயிண்டைப் பற்றியது இல்லை. பெயிண்ட் நன்றாகப் பிடித்திருந்தால் ஸ்டிக்கர் மட்டும் வரும். மட்டமான பெயிண்டாக இருந்தால் பெயிண்டும் சேர்ந்து பட்டை பட்டையாக வரும். வாடகைக்கு விடும் முன் அவசரமாக ஒரு கோட் அடித்த வீடுகளில் இதுதான் நடக்கும். ஒரு துண்டு மாஸ்கிங் டேப்பை அழுத்தி ஒட்டி, ஒரு நாள் விட்டு, வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். டேப்பில் வெள்ளை ஒட்டிக்கொண்டு வந்தால் ஸ்டிக்கர் யோசனையை அங்கேயே விட்டுவிடலாம். புதுப் பெயிண்ட் என்றால் நான்கு வாரமாவது இறுக விட வேண்டும். சொரசொரப்பான சுவரில் அது நிற்கவே நிற்காது. ஒட்டும்போதும் அது சுலபம் என்பது பாதி உண்மைதான். இழுத்தால் நீளும், நீண்டால் இலை பக்கத்துத் துண்டோடு சேராது, ஒரு முறை கோணலாகப் பிடித்துக்கொண்டால் நகர்த்த முடியாது, தூக்கித்தான் ஒட்ட வேண்டும். பசை போட்டதில் சில நிமிடம் வரை இப்படி அப்படித் தள்ளலாம், புதியவர்களுக்கு அந்தச் சில நிமிடம்தான் உயிர்.

ஆகவே என் ஓட்டு நான்-ஓவன் வகைக்கு. (தமிழில் எழுதினால் ஏதோ அடுப்பு தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வது போல இருக்கிறது, என்ன செய்வது, கடையில் அந்தப் பெயர்தான்.) காகிதக் கூழோடு செயற்கை இழை கலந்து செய்தது, ஈரத்தில் ஊதாது, காய்ந்தால் சுருங்காது. பசையைப் பேப்பருக்குப் பூசாமல் சுவருக்குப் பூசி, அதன் மேல் காய்ந்த பேப்பரை அப்படியே விரித்துவிடலாம், மேஜை வேண்டாம், ஊறவிட வேண்டாம். பழைய காகித வகையில் பசை பூசி மடித்து வைத்து ஐந்து பத்து நிமிடம் காத்திருந்து, ஒவ்வொரு துண்டையும் ஒரே அளவு நேரம் ஊறவிடாவிட்டால் ஒன்று நீளும் ஒன்று நீளாது, அந்த ரகளையே இதில் இல்லை. உரிக்கும்போதும் பெரும்பாலானவை கீழ்மூலையைக் கிளப்பி மேல்நோக்கி இழுத்தால் முழுத் துண்டாக வந்துவிடும். மிச்சப் பசையை வெதுவெதுப்பான தண்ணீரில் ஸ்பாஞ்சு நனைத்துத் துடைத்தால் போகும்.

பெரும்பாலானவை என்றேன், எல்லாம் இல்லை. அதை எப்படிக் கண்டுபிடிப்பது? நீங்கள் இருக்கும் நாட்டு மொழி தெரியாமலிருக்கலாம், ஆனால் ரோலின் லேபிளில் இருக்கும் சின்னச் சின்னப் படங்கள் பெரும்பாலும் எங்கேயும் ஒன்றுதான், அதைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். பேப்பர் சுவரிலிருந்து முழுசாக உரிந்து வருவது போல ஒரு படம் இருக்கும், அது ஈரமில்லாமலே உரியும் என்று அர்த்தம், உங்களுக்கு வேண்டியது இதுதான். அதிலேயே பின்னால் ஒரு படலம் சுவரில் தங்கிவிடுவது போல வரைந்திருந்தால் மேல்தோல் மட்டும் வரும், அடித்தாள் சுவரிலேயே நிற்கும். உங்களைப் போல மாறிப் போகிறவர்களுக்கு ஆகாது. பிரஷ் சுவர்மேல் இருந்தால் பசை சுவருக்கு, பேப்பர்மேல் இருந்தால் பேப்பருக்கு. அலை அலையான கோடு ஒன்று என்றால் ஈரத்துணியால் லேசாகத் துடைக்கலாம், இரண்டு மூன்று என்று கூடக்கூடக் கழுவலாம், அலையோடு பிரஷும் இருந்தால் தேய்த்தே கழுவலாம். சூரியன் படம் வெயிலில் எவ்வளவு வெளிறாமல் நிற்கும் என்பதற்கு, முழுச் சூரியன் அரைச் சூரியனைவிட மேல். கரும்பச்சைக்கு இதைப் பார்க்காமல் வாங்காதீர்கள், வெயில் படும் சுவரில் ஆறே மாதத்தில் பாசிப்பயறு நிறத்துக்கு வந்துவிடும்.

அப்புறம் அம்புக்குறிகள். இரண்டு அம்பு ஒரே மட்டத்தில் எதிரெதிராகப் பார்த்தால் பக்கத்துப் பக்கத்துத் துண்டுகளில் டிசைன் நேருக்கு நேர் சேரும். ஒன்று மேலே ஒன்று கீழே என்று தள்ளியிருந்தால் பாதி இறக்கிச் சேர்க்க வேண்டும். அம்புக்குப் பக்கத்தில் சைபர் என்றால் எப்படி வேண்டுமானாலும் வைக்கலாம். அதோடு 64 என்றோ 64/32 என்றோ எண் இருக்கும், டிசைன் எத்தனை செ.மீ.க்கு ஒரு முறை திரும்ப வருகிறது, எத்தனை இறங்குகிறது என்பது அது. ரோல் கணக்கு முழுக்க இந்த எண்ணில்தான் இருக்கிறது, கடைக்காரர்கள் பாதிப் பேர் சதுர மீட்டரில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள், நம்பாதீர்கள்.

உங்கள் சுவருக்கே போட்டுக் காட்டுகிறேன். ஐரோப்பிய ரோல் வழக்கமாக 53 செ.மீ. அகலம், 10.05 மீட்டர் நீளம். 400 செ.மீ.யை 53ஆல் வகுத்தால் ஏழரைக்குக் கொஞ்சம் மேல், ஆக எட்டுத் துண்டு. உயரம் 240, மேலும் கீழும் வெட்ட 5 செ.மீ. வீதம் சேர்த்தால் ஒரு துண்டு 250. வெறும் பேப்பராக இருந்தால் ஒரு ரோலில் நான்கு துண்டு, அதுவும் மயிரிழையில், 5 செ.மீ.தான் மிஞ்சும். இரண்டு ரோலில் சுவர் முடிந்தது. அதே சுவருக்கு 64 செ.மீ. இலை டிசைன், நேருக்கு நேர் சேர்வது என்றால், ஒவ்வொரு துண்டும் டிசைனின் அதே இடத்தில் ஆரம்பிக்க வேண்டும், அதனால் 64இன் மடங்காகத்தான் வெட்ட முடியும். மூன்று மடங்கு 192, போதாது. நான்கு மடங்கு 256. ரோலுக்கு மூன்று துண்டுதான் வரும். எட்டுத் துண்டுக்கு மூன்று ரோல். முழுதாக வெட்டிய ஒவ்வொரு ரோலிலும் 237 செ.மீ. மிஞ்சும், உங்கள் சுவரோ 240. மூன்று செ.மீ.க்காக ஒரு ரோல்! எத்தனை வருடம் ஆனாலும் இந்தக் கணக்கு எனக்கு வயிற்றெரிச்சல்தான். பெரிய டிசைன் என்றால் இப்படித்தான் தண்டம் அழ வேண்டும்.

மூன்று தேவை என்றால் நான்கு வாங்குங்கள். எல்லா ரோலிலும் ஒரே பேட்ச் நம்பரா என்று கடையிலேயே பாருங்கள், ஆன்லைன் என்றால் பிரிப்பதற்கு முன் பாருங்கள். பேட்ச் மாறினால் பகலில் ஒன்றும் தெரியாது, சாயங்காலம் விளக்கு போட்டதும் ஐந்தாவது துண்டு மட்டும் தனி நிறமாகத் தெரியும். அமெரிக்கப் பக்கம் என்றால் அளவு அங்குலத்தில் இருக்கும், 20.5 அல்லது 27 அங்குல அகலம் சகஜம். விலையைச் சிங்கிள் ரோலுக்குப் போட்டுவிட்டு, விற்பது மட்டும் இரண்டு ரோல் நீளம் சேர்ந்த டபுள் ரோலாக இருக்கும், அந்தக் குழப்பத்தில் இரட்டிப்பாக வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன், பாதியாக வாங்கியவர்களையும்.

சுவர் என்ன சுவர் என்று தட்டிப் பாருங்கள். 'டொப் டொப்' என்று உள்ளீடற்ற சத்தம் வந்தால் ஜிப்சம் போர்டு, வெளிநாட்டு அபார்ட்மெண்ட்களில் அறைக்கு அறை தடுப்பு பெரும்பாலும் இதுதான். இதன் மேல்தோலே காகிதம். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வாடிக்கையாளர் வீட்டில், பெயிண்டோ, பிரைமர் என்ற அடிப்பூச்சோ காணாத புது போர்டில் பசை தடவி நேரடியாக ஒட்டிக் கொடுத்தேன், பார்க்க அவ்வளவு நன்றாக வந்தது, படம்கூட எடுத்து வைத்துக்கொண்டேன். மூன்று வருடம் கழித்து அவர்களே கூப்பிட்டு எடுக்கச் சொன்னபோது, பேப்பரோடு போர்டின் தோலும் சேர்ந்து வந்தது. இரண்டு நாள் புட்டி பூசி, தேய்த்து, என் கைக்காசில் பெயிண்ட் அடித்துக் கொடுத்துவிட்டு வந்தேன். அன்றிலிருந்து பிரைமர் இல்லாமல் நான் எதையும் ஒட்டுவதில்லை. உங்கள் சுவரில் பெயிண்ட் இருக்கிறது என்றாலும், உள்ளங்கையை நனைத்துத் தேய்த்துப் பாருங்கள். மாவு போல வெள்ளை ஒட்டினாலோ, தெளித்த தண்ணீரைச் சுவர் சட்டென்று குடித்துவிட்டாலோ, வால்பேப்பருக்கான பிரைமர் ஒரு கோட் கட்டாயம். அது ஒட்டுவதற்கும் உதவும், உரிப்பதற்கும் உதவும். மாறாக, பளபளவென்று எண்ணெய் பெயிண்டாக இருந்தால் உப்புத்தாளால் லேசாக மினுமினுப்பை எடுக்க வேண்டும். ஆனால் கட்டடம் ரொம்பப் பழையது என்றால் அந்தப் பெயிண்டில் ஈயம் இருக்கலாம், பழைய சொரசொரப் பூச்சுகளில் ஆஸ்பெஸ்டாஸ்கூட இருக்கலாம், குழந்தை இருக்கிற வீட்டில் எதையும் உலர்வாகத் தேய்க்காதீர்கள், ஓனரிடம் கேட்டுவிட்டுத்தான்.

இன்னொரு வகைச் சுவரும் கண்ணில் படலாம். வெள்ளைப் பெயிண்டுக்கு அடியில் ரவை தூவினாற்போல மரச் சீவல்கள் தடவினால் நெருடும். அது சுவரே இல்லை, அதுவும் வால்பேப்பர்தான், 1864இல் ஜெர்மனியில் ஹூகோ எர்ஃபுர்ட் என்ற மருந்தாளுநர் கொண்டுவந்தது, மேலே மேலே பெயிண்ட் அடித்துக்கொண்டே போகலாம். உங்கள் வீட்டில் அது இருந்தால் அதன் மேல் ஒட்டாதீர்கள், ஒட்டினாலும் ஒவ்வொரு சீவலும் மேலே தெரியும். அதைக் கிழித்து எடுக்கவும் கூடாது, 'பழையபடி' என்ற வார்த்தைக்குள் அதுவும் அடக்கம்.

ஒட்டும் வேலையைப் பற்றிக் கொஞ்சமாகவே சொல்கிறேன், செய்யச் செய்யத்தான் கை வரும். முக்கியமானது முதல் துண்டு. அறை மூலையை நம்பி அதை ஒட்டாதீர்கள். நேரான மூலை என்று ஒன்று உலகத்தில் இல்லை. தூக்குக்குண்டு கட்டியோ ரசமட்டம் வைத்தோ பென்சிலால் ஒரு செங்குத்துக் கோடு போட்டு, அதை ஒட்டி முதல் துண்டை இறக்குங்கள். முதல் துண்டு அரை செ.மீ. சாய்ந்தால் எட்டாவது துண்டுக்குள் இலையெல்லாம் சீலிங்கை நோக்கி ஊர்வலம் போய்க்கொண்டிருக்கும். உங்களுடையது பெரிய டிசைன் என்பதால், ஒரு முழு இலை கட்டிலுக்கு நடுவே வரும்படி சுவரின் நடுவிலிருந்து ஆரம்பித்து இரண்டு பக்கமும் போங்கள், இரண்டு ஓரமும் ஒரே அளவில் வெட்டுப்படும். பசையைத் துண்டின் அகலத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகச் சுவரில் பூசுங்கள், ஓரத்தில் பசை இல்லாமல் போவதுதான் இணைப்பு பிரிவதற்குப் பாதிக் காரணம். நடுவிலிருந்து ஓரத்துக்குக் காற்றைத் தள்ளி நீவுங்கள். துண்டுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறக் கூடாது, தோளோடு தோள் முட்டி நிற்க வேண்டும், அதற்காக இழுக்கவும் கூடாது. மேலே வழிந்த பசையைக் காயும் முன் துடைத்துவிடுங்கள், கரும்பச்சையில் காய்ந்த பசை நத்தை ஊர்ந்த தடம் மாதிரி மினுங்கும். கத்தியின் பிளேடை இரண்டு வெட்டுக்கு ஒரு முறை ஒடித்துப் புது நுனி எடுத்துக்கொள்ளுங்கள். மொட்டைக் கத்தி வெட்டாது, கிழிக்கும். அந்தக் கத்தி பையன் கைக்கு எட்டாமலிருக்கட்டும், அதைவிட அவனை அன்று யார் வீட்டிலாவது விட்டுவிடுவது உத்தமம்.

பிளக் பாயிண்ட் வந்தால் மெயினை அணைத்துவிட்டுத்தான் மூடியைத் தளர்த்த வேண்டும், பசை என்பது பெரும்பாலும் தண்ணீர்தான். பேப்பரை அதன்மேல் அப்படியே விரித்து, நடுவிலிருந்து நான்கு மூலைக்கும் குறுக்கே கீறி, மூடிக்கு அடியில் சில மில்லிமீட்டர் மட்டும் போகும்படி வெட்டிவிடுங்கள். உலோகப் பளபளப்பு உள்ள பேப்பர் என்றால் மூடிக்கு அடியில் செருகவே கூடாது, அது மின்சாரத்தைக் கடத்தும். முடித்த பிறகு சீக்கிரம் காயட்டும் என்று ஜன்னலைத் திறந்துவிடுவதும் ஹீட்டரைக் கூட்டுவதும் வேண்டாம், அவசரமாகக் காய்ந்தால் இணைப்புகள் வாய் பிளக்கும். ராத்திரி சின்னச் சின்னக் கொப்புளம் தெரிந்தால் நோண்டாமல் படுங்கள், அநேகமாகக் காலையில் இருக்காது.

டெபாசிட் பயத்துக்கு வருகிறேன். 'பழையபடி' என்பதை ஓனர் எப்படி எடுத்துக்கொள்கிறார் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள், மெயில் போதும். எந்தச் சுவர், எந்த வகைப் பேப்பர், காலி செய்யும்போது உரித்தால் போதுமா, பெயிண்டும் அடிக்க வேண்டுமா, பெயிண்ட் என்றால் எந்த வெள்ளை. வெள்ளையிலும் நூறு வெள்ளை இருக்கிறது. ஒட்டும் முன் சுவரின் ஒவ்வொரு ஆணித் துளையையும் கீறலையும் படம் எடுத்து அதே மெயிலில் வையுங்கள். சில ஓனர்கள் டிசைன் பிடித்துப்போய் 'அப்படியே விட்டுவிடுங்கள்' என்பார்கள், அதையும் எழுத்தில் வாங்குங்கள், மனசு மாறுவது எல்லோருக்கும் உண்டு.

அவர் பிடி கொடுக்காமல் பேசினாலோ, டேப் சோதனையில் பெயிண்ட் கையோடு வந்தாலோ, சுவரில் ஒட்டாமலே ஒரு வழி இருக்கிறது, இரண்டு வருட வாசத்துக்கு எனக்கு இதுவும் பிடிக்கும். மெல்லிய பிளைவுட்டையோ, மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகையையோ கட்டில் அகலத்துக்கு மூன்று துண்டாக வெட்டி வாங்கி, பிரைமர் அடித்து, தரையில் படுக்கப்போட்டு அதன் மேல் ஒட்டுங்கள். பேப்பரை ஓரத்தில் மடக்கிப் பின்னால் கொண்டுபோய் ஒட்டினால் இணைப்பு பிரியும் பேச்சே இல்லை. பிறகு கட்டிலுக்குப் பின்னால் நிறுத்தி, ஒவ்வொரு பலகைக்கும் மேலே இரண்டு சின்ன ஆங்கிள் வைத்துச் சுவரோடு பிடித்துவிடுங்கள், வெறுமனே சாய்த்து வைத்தால் பையன் இழுத்து மேலே போட்டுக்கொள்வான். போகும்போது அடைக்க வேண்டியது சில சின்னத் துளைகள்தான். ஒட்டக் கற்றுக்கொள்ளவும் தரையில் கிடக்கும் பலகைதான் சுவரைவிடப் பொறுமையான வாத்தியார். ரோல்களில் மிஞ்சும் அந்த 237 செ.மீ. துண்டுகளைப் புத்தக அலமாரியின் முதுகுப் பலகைக்கு ஒட்டினால் ஹாலுக்கும் உங்கள் இலை வந்து சேர்ந்துவிடும்.

பீரோவை நகர்த்திப் படம் எடுத்து ஓனருக்கு அனுப்புவதையும், அதே சாயங்காலம் தலைமாட்டுச் சுவரில் மாஸ்கிங் டேப் ஒட்டி வைப்பதையும் இந்த வாரமே செய்துவிடுங்கள். டேப்பில் என்ன வந்தது என்று பார்த்த பிறகு ரோலுக்கு ஆர்டர் போடலாம்.